ரைஸ் குக்கரைத் தொட்டால் சுர்ரென்கிறதா? 'லேசான லீக்கேஜ்தான்' என்பவரை நம்பாதீர்கள்

கேள்வி: திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நாலு வருஷத்துப் பழைய ரைஸ் குக்கர். கொஞ்ச நாளாக, ஸ்விட்ச் போட்ட புதிதில் வெளிப் பக்கத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது, பத்து நிமிஷம் கழித்துத் தொட்டால் ஒன்றுமில்லை. கஞ்சி பொங்கி வழிந்தால் குழாயடியில் காட்டிக் கழுவிவிடுவது வழக்கம். மெக்கானிக், "லேசான லீக்கேஜ்தான், எல்லா வீட்டிலும் இருக்கும், பக்கத்து வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பிலும் இப்படித்தான், செருப்புப் போட்டுக்கொண்டு சமையுங்கள்" என்கிறார். சரியா? எப்படித்தான் சுத்தம் செய்வது?

பதில்: சரியில்லை. இன்று ராத்திரிச் சோற்றைக் கேஸ் அடுப்பில் வையுங்கள், குக்கரின் பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

செருப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். செருப்புப் போட்டால் கரண்ட் போய்விடாது, உங்கள் கால் வழியாகத் தரைக்கு இறங்காது, அவ்வளவுதான். சமைக்கும்போது ஒரு கை குக்கரில் இருக்கும், இன்னொரு கை சிங்க் குழாயில் இருக்கும், அப்போது கரண்ட் கைக்குக் கை, நெஞ்சு வழியாகப் போகும். செருப்பு அங்கே என்ன செய்யும்? வீட்டில் செருப்பே போடாத மாமியாரும், தவழ்கிற குழந்தையும் அந்த மெக்கானிக் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

கொஞ்சம் எண் சொல்கிறேன், இதற்கு மேல் டெக்னிக்கலாகப் போக மாட்டேன். ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தால் சுர்ரென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை நாமே விட முடியாமல் போகலாம். 30க்கு மேல் கொஞ்ச நேரம் நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் உயிர் போகும் அபாயம் உண்டு. "எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறதே, ட்ரிப் ஆகவில்லையே" என்று பலரும் சொல்வார்கள். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற ஸ்விட்ச், 16 ஆம்பியர் எம்சிபி என்றால் அது 16,000 மில்லி ஆம்பியர் கணக்கு. அது ஒயர் எரியாமல் காப்பாற்ற வைத்தது, உங்களுக்காக வைத்ததில்லை. உங்களுக்காக வைப்பது ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் மெயினை அறுக்கிற ஸ்விட்ச், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்தப் பத்து நிமிஷம். உங்கள் கடிதத்திலேயே நல்ல துப்பு அதுதான். குக்கருக்குள் இருக்கிற அலுமினியத் தட்டுக்குள் ஒரு ஹீட்டர் குழாய் இருக்கிறது. குழாயின் நடுவில் கம்பிச் சுருள், சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. இந்தப் பொடி காய்ந்திருந்தால் கரண்டை வெளியே விடாது, ஈரத்தை இழுத்துக்கொண்டால் கசியவிடும். ஸ்விட்ச் போட்டுச் சூடேறியதும் ஈரம் காய்கிறது, கசிவும் குறைகிறது. அதனால்தான் முதலில் சுர்ரென்று இருந்துவிட்டுப் பிறகு நின்றுபோகிறது. ஈரம் எங்கிருந்து வந்தது? குழாயடியில் காட்டியதிலிருந்துதான். பொங்கி வழிந்த கஞ்சி அதைவிட மோசம், உப்புப் போட்ட கஞ்சி இன்னும் மோசம், ஏனென்றால் அது தட்டின் நடுவில் இருக்கிற ஓட்டை வழியாக இறங்கி, ஒயர் மாட்டியிருக்கிற முனைகளில் படிந்து, பிசினாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தினமும் காய்ந்தாலும் அடுத்த ஈரத்தில் மறுபடி உயிர் பெறும்.

ஆனால் இது பாதிக் கதை. எர்த் ஒழுங்காக இருந்தால் இந்தக் கசிவு உங்கள் விரலுக்கு வந்திருக்காது, ஒயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். ஆக உங்கள் வீட்டில் இரண்டு கோளாறு: குக்கரில் கசிவு, எர்த்தில் அறுப்பு. புதுக் குக்கர் வாங்கினால் முதல் கோளாறு போகும், இரண்டாவது அப்படியே காத்திருக்கும், அடுத்து கிரைண்டரிலோ வாஷிங் மெஷினிலோ காட்டும்.

எர்த் எங்கே அறுந்திருக்கும்? முதலில் குக்கரோடு வந்த ஒயரைப் பாருங்கள். அது பழையதாகி, பஜாரில் வேறொன்று மலிவாக வாங்கினீர்களா? அங்கேதான் ஆளை ஏமாற்றுகிறார்கள். பிளக்கில் மூன்று பின் பளபளவென்று இருக்கும், உள்ளே ஓடுவது இரண்டே ஒயர். எர்த்துக்கான பெரிய பின் வெறும் அலங்காரம். வெட்டிப் பார்க்காமல் கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருந்தால், ஒயரைக் குக்கரில் மாட்டி, பிளக்கைச் சுவரில் மாட்டாமல், பெரிய பின்னுக்கும் குக்கரின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'பீப்' வர வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் டெஸ்டரை மட்டும் வைத்து எரிகிறது, எரியவில்லை என்று சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். டெஸ்டரில் இருக்கிற சின்ன நியான் விளக்கு ஒன்றுமில்லாத கசிவுக்கும் எரியும், ஆளைக் கொல்கிற கசிவுக்கும் எரியும், வித்தியாசம் சொல்லத் தெரியாது.

ஒயர் சரி என்றால் சுவரைப் பார்க்க வேண்டும். வாடகை வீடுகளின் லட்சணம் எனக்கு நன்றாகவே தெரியும். சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அல்லது பச்சை ஒயர் இருக்கும், அது சுவருக்குள் எங்கோ போய் முடிந்துவிடும், மண்ணுக்குப் போகாது. வீடு கட்டி மின் இணைப்பு வாங்கும்போது 'எல்லாம் சோதித்தாயிற்று' என்று ஒரு தாளில் கையெழுத்து இருக்கத்தான் செய்கிறது, அந்தத் தாளை வைத்து யாருக்கும் ஷாக் அடிக்காமல் தடுக்க முடியவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எழுத இடம் இருக்கிறது, எர்த் இருக்கிறதா என்று ஒரு வரி எழுத மட்டும் இடம் இல்லை.

இதில் ஒரு குறுக்கு வழி உண்டு, அதற்கு மட்டும் சம்மதித்துவிடாதீர்கள். "எர்த் இல்லையா, கவலைப்படாதீங்க, நியூட்ரல்லேருந்து ஒரு லூப் கொடுத்துடறேன்" என்று சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டுப் போகிற எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு ஷாக் நின்றுவிடும், நீங்களும் இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்புவீர்கள். ஒரு மழைக் காற்றில் நியூட்ரல் ஒயர் எங்கேயாவது அறுந்தால், அல்லது யாராவது ஃபேசையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், முழு 230 வோல்ட்டும் குக்கரின் உடம்பில் வந்து நிற்கும். முன்னால் சுர்ரென்றது, இப்போது ஆளையே தூக்கிப் போடும்.

அதனால் வீட்டுக்காரரிடம் எர்த் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவர் இன்று நாளை என்று இழுப்பார். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மீட்டருக்கு அடுத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டாயிரம் ரூபாய் சுற்றில் நல்ல கம்பெனியுடையது கிடைக்கும், வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இது கட்டாயம் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையமே சொல்லிவிட்டது, எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எர்த்தே இல்லாவிட்டாலும், உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிவு 30ஐத் தொட்டால் கண் இமைப்பதற்குள் மெயினை அறுத்துவிடும். ஒரு மில்லி ஆம்பியர் சுர்ருக்கு அது அசையாது, அதனால் ஆர்சிசிபி போட்டுவிட்டோம், குக்கர் கிடக்கட்டும் என்று இருக்க முடியாது. அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். அப்புறம், போட்ட அன்றே அது ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தால் "பீஸ் சரியில்லை" என்று கழற்ற வருவார்கள், விடாதீர்கள். வீட்டில் எங்கோ ஒரு கசிவோ, அந்த நியூட்ரல் லூப்போ ஒளிந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கலாம்.

சரி, பக்கத்து வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு. மெக்கானிக் சொன்னதில் ஒரு துளி உண்மை இங்கேதான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் "அப்படியானால் இண்டக்‌ஷனையும் தூக்கிப் போட வேண்டுமா" என்று கேட்பீர்கள். இண்டக்‌ஷனில் கண்ணாடிக்குக் கீழே செம்புச் சுருள், மேலே உங்கள் பாத்திரம். நடுவில் கண்ணாடி இருப்பதால் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் அந்தச் சுருளில் ஓடுவது நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறுகிற மின்சாரம், அப்படிப்பட்டது கண்ணாடியைத் தாண்டி மிகக் கொஞ்சமாகப் பாத்திரத்துக்கு வரும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று எவர்சில்வர் பாத்திரத்தின் விளிம்பையோ உள்ளே இருக்கிற கரண்டியையோ தொட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கலாம். அடுப்பு புதிதாக இருக்கிறது, கண்ணாடியில் கீறல் கூட இல்லை, அடுப்பு ஓடும்போது மட்டும் தெரிகிறது, அணைத்த நொடியில் போய்விடுகிறது, நாளுக்கு நாள் கூடவும் இல்லை என்றால் அது கோளாறு அல்ல, அடுப்பின் சுபாவம். மரக் கரண்டியோ பிளாஸ்டிக் பிடி போட்ட பாத்திரமோ வைத்துக்கொண்டால் அதுவும் தெரியாது. ஆனால் கண்ணாடியில் தலைமுடி கனத்துக்கு விரிசல் விழுந்தாலும் இந்தச் சலுகை முடிந்தது, பொங்கிய பால் விரிசல் வழியாகச் சுருளுக்குள் இறங்கும், அதற்கு மேல் அது அடுப்பு இல்லை. அணைத்த பிறகும் சுர்ரென்றாலும் அப்படியே. இந்தச் சலுகை உங்கள் ரைஸ் குக்கருக்குப் பொருந்தவே பொருந்தாது. அதற்குள் இருப்பது ஹீட்டர், ஒரு காந்த ஸ்விட்ச், ஒரு சின்ன விளக்கு. சுர்ரென்றால் ஏதோ ஒன்று கசிகிறது என்றே அர்த்தம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுச் சமாளித்தாரே, அதுதான் எனக்குக் கோபம்.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. பிளக்கைப் பிடுங்கி, முழுவதும் ஆறவிடுங்கள். உள்பாத்திரம், மூடி, இட்லித் தட்டு இவற்றை எப்படி வேண்டுமானாலும் கழுவுங்கள். வெளிப் பெட்டிக்குத் தண்ணீரே ஆகாது, குழாயடி, வாளி, தெளிப்பது எதுவும் கூடாது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தட்டில் ஒட்டிக் கருகிய பருக்கையை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுங்கள், கத்தி வேண்டாம். நடுவில் ஸ்பிரிங் வைத்த குமிழ் ஒன்று மேலும் கீழும் ஆடும், அதைச் சுற்றித்தான் கஞ்சி இறுகியிருக்கும், பழைய பல் துலக்கும் பிரஷால் உலர் நிலையிலேயே தட்டிவிடுங்கள். அந்தக் குமிழ்தான் குக்கரின் மூளை. தண்ணீர் இருக்கிற வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றிச் சூடு ஏறியதும் குமிழுக்குள் இருக்கிற காந்தம் பிடியை விட்டுவிடும், ஸ்விட்ச் 'டக்' என்று மேலே வரும். ஒரு பருக்கை இடையில் மாட்டினாலும், பாத்திரத்தின் அடி ஈரமாகவோ ஒடுங்கியோ இருந்தாலும் அதன் கணக்குத் தப்பும், சோறு அடிபிடிக்கும். பொங்காமல் இருக்க, அரிசியை நன்றாகக் கழுவி, உள்ளே போட்டிருக்கிற கோட்டுக்கு மேல் போகாமல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்விட்ச் சீக்கிரமே மேலே வந்துவிடுகிறது என்று குச்சியை முட்டுக் கொடுத்து வைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், சூடு மீறினால் கரண்டை அறுக்க உள்ளே வைத்திருக்கிற தெர்மல் ஃபியூஸ் போகும். அது போன குக்கரைக் கடைக்குக் கொண்டுபோனால் சில பேர் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிற அந்த ஃபியூசைக் கூட மாற்றாமல், "டைரக்ட் பண்ணிட்டேன்மா" என்பார்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் வெறும் ஒயர். அடுத்த தடவை ஸ்விட்ச் மாட்டிக்கொண்டால் நிறுத்த யாரும் இல்லை, பெட்டி எரியும் வரை சூடேறும். ரிப்பேருக்குக் கொடுக்கும்போதே, டைரக்ட் கொடுக்கக் கூடாது, மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

சர்வீஸ் சென்டர் நம்பரை கூகுளில் தேடாதீர்கள், குக்கர் பெட்டியிலோ வாரண்டி கார்டிலோ அச்சடித்ததை மட்டும் கூப்பிடுங்கள். தேடினால் முதலில் வருகிறவற்றில் போலிகள் கலந்திருக்கின்றன. "பதிவுக்குப் பத்து ரூபாய் அனுப்புங்க", "ஒரு ஆப் இறக்குங்க" என்று ஆரம்பித்தாலே வைத்துவிடுங்கள், பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. நிஜக் கம்பெனியே வாரண்டியில் தகராறு செய்தால் நுகர்வோர் உதவி எண் 1915. உடனே நியாயம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் புகார் எண் வாங்கி வைத்திருப்பவரிடம் கம்பெனி பேசுகிற தொனி மாறும்.

உங்கள் குக்கரை வைத்துக்கொள்ளலாமா? நல்ல கடையில் அடிப்பாகத்தைத் திறந்து, பிசினைச் சுத்தம் செய்து, காயவைத்து, கசிவைத் தடுக்கும் திறனை அளக்கிற மெகர் என்ற கருவியால் 500 வோல்ட்டில் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஹீட்டர் தட்டை மாற்ற வேண்டும், நாலு வருஷக் குக்கருக்கு அந்தச் செலவில் புதிதே வாங்கிவிடலாம். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதாது, அதோடு இருக்கிற சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, முத்திரை கொடுக்கிற அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுப் பாருங்கள், முத்திரையை அச்சடிக்க யாருக்கும் காசு அதிகம் ஆகாது.

பழையதைக் கழிப்பதானால் ஒயரையும் கொடுத்துவிடாதீர்கள். வெளிப்பெட்டியில் ஒயர் மாட்டுகிற முனையை ஒரு சுத்தியலால் தட்டி உடைத்துவிட்டே பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். இல்லாவிட்டால் துடைத்து, "நல்லா ஓடுதும்மா" என்று முந்நூறு ரூபாய்க்கு வேறு யார் வீட்டுக்காவது போய்ச் சேர்ந்துவிடும்.