செட்டிங்ஸில் எழுதுவது பெயரை மட்டும்: ஜாங்கோ கேள்வி-பதில்

கேள்வி: எஸ்எம்எஸ் அனுப்பும் கிளாஸைச் செட்டிங்ஸ் கோப்பின் தலையிலேயே இம்போர்ட் செய்தேன். செயலிகள் இன்னும் ஏற்றப்படவில்லை என்று பிழை காட்டி, சர்வர் நின்றுவிடுகிறது.

பதில்: பைத்தானில் இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ முதலில் படிப்பது செட்டிங்ஸைத்தான், செயலிகளும் மாடல்களும் (டேட்டாபேஸ் அட்டவணைகளுக்கான கிளாஸ்கள்) அதற்குப் பிறகே வருகின்றன. உங்கள் கிளாஸ் இருக்கும் கோப்பு ஏதோ ஒரு மாடலைத் தொடுகிறது, ஆகவே மோதல். செட்டிங்ஸில் 'மெசேஜிங்.கேட்வே.எஸ்எம்எஸ்' என்பதுபோல் மேற்கோள் குறிக்குள் பாதையை மட்டும் எழுதுங்கள். தேவைப்படும் இடத்தில் இம்போர்ட்_ஸ்ட்ரிங் ஃபங்ஷனிடம் அதைக் கொடுங்கள். இந்த ஃபங்ஷன் ஜாங்கோ 1.7 முதல் இருக்கிறது. கடைசிப் புள்ளியில் பாதையை வெட்டி, இடப்பக்கத்தை மாட்யூலாக (பைத்தான் கோப்பாக) ஏற்றி, வலப்பக்கப் பெயரை அதற்குள் தேடி எடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வித்தை. கைக்கு வருவது கிளாஸ், அதிலிருந்து உருவாகும் பொருள் (ஆப்ஜெக்ட்) அல்ல. பொருளை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். அதற்கான சாவி, முகவரி போன்றவற்றை, கேஷ் அமைப்பில் ஜாங்கோவே செய்வதுபோல், 'ஆப்ஷன்ஸ்' என்ற டிக்‌ஷனரியில் பக்கத்திலேயே வைத்துவிடலாம்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் இப்படி ஏற்றினால் வேகம் குறையாதா?

பதில்: குறையாது. ஒருமுறை ஏற்றிய மாட்யூலைப் பைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. இணைப்புத் திறக்கும் கனமான பொருளென்றால் அதை மட்டும் சேமித்து வையுங்கள்.

கேள்வி: டெஸ்ட்டில் செட்டிங்ஸைத் தற்காலிகமாக மாற்றும் ஓவர்ரைட்_செட்டிங்ஸ் போட்டும் பழைய பொருளே வருகிறது.

பதில்: மாட்யூலின் மேல்மட்டத்திலேயே பொருளை உருவாக்கி வைத்திருப்பீர்கள். நீங்கள் செட்டிங்ஸை மாற்றுவதற்கு முன்பே அது பிறந்துவிட்டது. உருவாக்குவதை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளுங்கள். விடையை நினைவில் வைக்கும் எல்ஆர்யு_கேஷை அதற்குப் போட்டிருந்தால், செட்டிங்ஸ் மாறியதைச் சொல்லும் செட்டிங்_சேஞ்ட் சிக்னல் வரும்போது கேஷைக் காலி செய்யுங்கள். இதை விட்டுவிட்டால், தனியாக ஓட்டும்போது தேறும் டெஸ்ட் கூட்டமாக ஓடும்போது தோற்கும். காரணம் தேடியே ஒரு மாலை போய்விடும்.

கேள்வி: ஜாங்கோ 5.1-க்கு மாறியதும் பதிவேற்றிய கோப்புகள் கிளவுடுக்குப் போகாமல் சர்வர் வட்டிலேயே விழுகின்றன. பிழையும் இல்லை.

பதில்: கோப்புகளை எங்கே சேமிப்பது என்று சொல்லும் டீஃபால்ட்_ஃபைல்_ஸ்டோரேஜ் செட்டிங் அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டது, ஜாங்கோ தெரியாத பெயரைக் கண்டுகொள்வதில்லை. 4.2-இல் வந்த ஸ்டோரேஜஸ் டிக்‌ஷனரிக்கு மாறுங்கள். அதில் 'டீஃபால்ட்' மட்டும் எழுதினால் போதாது, சிஎஸ்எஸ் போன்ற கோப்புகளுக்கான 'ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்' என்பதும் வேண்டும். நீங்கள் எழுதுவது முழு டிக்‌ஷனரியையும் மாற்றிவிடும், பழையதோடு சேராது.

கேள்வி: கிளாஸ் பாதையை டேட்டாபேஸில் வைத்து, அட்மின் பக்கத்தில் மாற்ற விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மாட்யூலை ஏற்றினாலே அதன் மேல்மட்ட நிரல் ஓடிவிடும். 'முதன்மை', 'மாற்று' போன்ற குறும்பெயரை டேட்டாபேஸில் வையுங்கள். எந்தப் பெயருக்கு எந்தப் பாதை என்ற பட்டியல் செட்டிங்ஸிலேயே இருக்கட்டும்.