மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த மகனை மீண்டும் கல்லூரிக்கு அனுப்புவது எப்படி?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் மகன், விடுதியில் தொற்றிக்கொண்ட வலிநிவாரணி மாத்திரைப் பழக்கம், செப்டம்பரில் மருத்துவமனை, நவம்பரில் வீடு. சிகிச்சை தொடங்கிய இந்த நான்கு மாதங்களில் அவன் எதையும் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. அடுத்த வரியிலேயே, "ஆறு அரியரையும் ஏப்ரலில் எழுதவைத்து, ஜூலையில் கூடப் படித்தவர்களோடு நான்காம் ஆண்டில் உட்காரவைக்க வழியுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி இல்லை, அம்மா. வழி இருந்திருந்தாலும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஐந்தாம் செமஸ்டரில் பாதியில் வந்தவனுக்கு வருகைப் பதிவு போதாது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை தளர்வு கிடைக்கும், அதற்குக் கீழே அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே விதிமுறையில் உங்களுக்குத் தெரியாத இன்னொரு பக்கம் இருக்கிறது. நான்காண்டு பி.இ. படிப்பை முடிக்க மாணவனுக்கு ஏழு ஆண்டுகள், அதாவது 14 செமஸ்டர் வரை அவகாசம் உண்டு. இடைவெளி எடுத்துத் திரும்பிவரவும் முறைப்படி இடமுண்டு. 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்று கேட்டால் கல்லூரி அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள். மகன் சேர்ந்த ஆண்டுக்கான பல்கலைக்கழக விதிமுறை (ரெகுலேஷன்) எது என்று கேட்டு, அதன்படி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகமே ஏழு ஆண்டு காத்திருக்கத் தயாராக இருக்கும்போது நாம் ஏன் அவனை விரட்ட வேண்டும்?

நான் பார்த்த பல குடும்பங்களில் பிள்ளை மறுபடி வழுக்கியதற்குத் தொடக்கம் இந்த அவசரம்தான். போன வருடத்தைப் பிடித்துவிட வேண்டுமென்று ஆறு பேப்பரையும் ஒன்றாகத் தலையில் ஏற்றுகிறோம். இரவு விழிப்பு, தோல்வி பயம், மறுபடியும் அதே விடுதி அறை. பழைய மாத்திரையைத் தேடிப் போவதற்கு இவ்வளவு போதும். இந்த ஏப்ரல்-மே தேர்வில் இரண்டே இரண்டு அரியர் எழுதட்டும். அவனுக்கு எளிதானவையாக இருக்கட்டும். தேர்ச்சி பெற்றோம் என்ற உணர்வு இப்போது அவனுக்கு மதிப்பெண்ணைவிட முக்கியம்.

ஜூலை வரை வீட்டில் சும்மா இருக்கிறானே என்று கவலைப்படுகிறீர்கள். சும்மா இருக்க வேண்டாம், உண்மைதான். காலையில் ஒரு நேரத்துக்கு எழுந்து கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும். உங்கள் ஊரிலேயே கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் வகுப்பு இருந்தால் சேருங்கள். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளில் ஜனவரியில் தொடங்கும் பாடம் ஒன்றில் இலவசமாகவே பதிந்துகொள்ளலாம்; கட்டணம் கட்டி நேரில் தேர்வெழுதினால் சான்றிதழ் வரும். இந்தச் சான்றிதழைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது விடுதி. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். அவன் விடுதிக்குத் திரும்பக் கூடாது. விடுதி கெட்ட இடம் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எந்தக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை கிடைக்கும், எந்த அறையில் யார் வைத்திருப்பார்கள் என்று அவன் மூளைக்கு அங்கே வழி மனப்பாடம். அந்த மாடிப்படியைப் பார்த்தாலே உடம்பு பழையதைக் கேட்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இதைப் புரிந்துகொண்டு, மீண்டுவரும் மாணவர்களுக்கென்றே 1988-இல் வளாகத்துக்குள் தனி விடுதி தொடங்கியது. நம் கல்லூரிகளிலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரை வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவதே நல்லது. ஒரு மணி நேரப் பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்றும் தாங்க முடியாத தூரமல்ல.

கல்லூரியில் யாரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரிடமும் வேண்டாம், யாரிடமும் சொல்லாமல் இருக்கவும் வேண்டாம். துறைத் தலைவரோ, அவன் மதிக்கும் ஓர் ஆசிரியரோ, ஒருவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் அனுமதி தரவும், முகம் வாடியிருந்தால் கூப்பிட்டு விசாரிக்கவும் அவர் இருப்பார். மஞ்சள் காமாலை என்று பொய்ச் சான்றிதழ் வாங்கலாமா என்ற உங்கள் உறவினரின் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பொய்யைக் காப்பாற்றும் வேலை கடைசியில் அந்தப் பிள்ளை தலையில்தான் விழும். சிகிச்சை அளித்த மருத்துவரிடம், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சிகிச்சையில் இருந்தார் என்று மட்டும் எழுதித் தரும்படி கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளும் அடங்கும். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டிய கடமையையும் அந்தச் சட்டம் மருத்துவருக்கு விதிக்கிறது.

இந்தப் பழக்கத்தால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் பார்ப்பது மதிப்பெண், நிலுவை அரியர், படிப்பில் இடைவெளி ஆகியவற்றை. இடைவெளி பற்றிக் கேட்டால், "உடல்நலக் காரணத்தால் ஓராண்டு நிறுத்தினேன், சிகிச்சை பெற்றேன், இப்போது நலமாக இருக்கிறேன், அந்த மாதங்களில் இதைப் படித்தேன்" என்று சொல்லி அந்தச் சான்றிதழை எடுத்துவைக்கட்டும். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதற்கு மேல் நோயின் பெயரைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவப் படிவத்தில் நேராகக் கேட்டிருந்தால் மட்டும் மறைக்காமல் எழுதட்டும். இந்தப் பதிலை வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகட்டும், நீங்கள் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். முதல் இரண்டு முறை அவன் குரல் உடையும். உடையட்டும்.

முதல் வேலைக்கு இரவுப் பணி வேண்டாம். தூக்கம் கெடுவது அவனைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆபத்து. அதோடு தெரியாத ஊரில் தனி அறை, கையில் முதல் சம்பளம் என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் இன்னும் ஆபத்து. உங்கள் பக்கத்திலோ கோவையிலோ பகல்நேரத் தொழிற்சாலை வேலை, சம்பளம் கொஞ்சம் குறைவானாலும், முதல் இரண்டு ஆண்டுக்கு உகந்தது.

இனி, எழுதத் தயங்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அவன் மறுபடி வழுக்கக்கூடும். போதை நோயில் 40 முதல் 60 சதவீதம் பேருக்கு அது நேர்கிறது என்றும், ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா போன்ற நீண்டகால நோய்கள் திரும்புவதைப் போன்றதே அது என்றும் அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. நேர்ந்தால் அடிக்காதீர்கள், வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள்; அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஒன்றை மட்டும் அவனுக்கும் தெரியும்படி சொல்லிவையுங்கள்: இத்தனை மாத இடைவெளிக்குப் பின் உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே எண்ணிக்கை மூச்சையே அடக்கிவிடலாம். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் 108-ஐ அழையுங்கள். மனம் தடுமாறும் இரவுகளில் பேச 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கென்று 14446 இருக்கிறது. இரண்டையும் உங்கள் கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள்.

மருத்துவர் சொன்ன மறுபரிசோதனை நாட்கள், மீண்டுவருபவர்கள் கூடிப் பேசும் வாரக் குழுக் கூட்டம் இரண்டையும் முதலில் காலண்டரில் குறித்துவிட்டு, மீதமுள்ள நாட்களில் வகுப்பையும் டியூஷனையும் பொருத்துங்கள். பெரும்பாலான வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தேர்வு வந்தால் முதலில் நிற்பது குழுக் கூட்டம்தான். நீங்களும் உங்களுக்கென்று ஒரு குழுவைத் தேடுங்கள். 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்தினருக்கும் சிகிச்சையில் பங்கு உண்டு. ஆறு மாதமாக நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம்.

கடைசியாக, அவன் அப்பா இன்னும் அவனிடம் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மறுசேர்க்கைக்கான கடிதத்தைக் கல்லூரியில் கொடுக்கப் போகும் நாளில், உங்களுக்குப் பதிலாக அவர் மகனோடு பஸ்ஸில் போகட்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பெற்றோர் கையெழுத்தை அங்கே போய், அவன் பக்கத்தில் நிற்கும்போது போடட்டும்.