உரியும் உறையும் ஒரு வரி ரசீதும்

கேள்வி: 59 வெள்ளிக்கு ஆன்லைனில் சீட் கவர் வாங்கினேன். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. என் பெஸா காரில் வழுக்குகிறது, பெல்ட் மாட்டும் இடத்தையும் மூடிவிட்டது. (பிறை)

பதில்: உங்கள் காரின் மாடலும் ஆண்டும் கேட்காமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். பெல்ட்டை மறைக்கும் உறையை இன்றே கழற்றுங்கள்.

கேள்வி: என் மைவி காருக்கு ‘லெதர்’ என்று சொல்லி 800 வெள்ளிக்கு சீட் கவர் தைத்துக் கொடுத்தார்கள். பத்து மாதத்தில் செதில் செதிலாக உரிகிறது. வெயிலில் நிறுத்தினால் அப்படித்தான் என்கிறார் கடைக்காரர். (பாயான் பாரு)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. பினாங்கில் காரை வெயிலில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. அதைத் தாங்காத பொருளை விற்றது அவர் குற்றம். இப்படி உரிவது பியு ரகம். துணிமேல் பூசிய பாலியூரித்தேன் படலம் சூட்டிலும் ஈரக்காற்றிலும் சிதைந்து கழன்றுவிடும். நானும் ஒரு கடையில் இதையே வாங்கி, பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் ஒட்டிய கறுப்புத் துகளைத் தினமும் தட்டியிருக்கிறேன். ரசீதைப் பார்த்தால் ‘சீட் கவர் 1 செட்’, அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதில்தான். அரிசிப் பையில்கூட என்ன ரகம் என்று இருக்கிறது; நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுக்கும் உறைக்கு பியுவா, பிவிசி பிளாஸ்டிக்கா என்று ஒரு வரி எழுத மாட்டார்களா? எழுதச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் வேறு கடை பாருங்கள். தடித்த பிவிசி நண்பகலில் தொடை சுடும். ஆனால் ஈரத்துக்கு இப்படி உரியாது.

சரி, உங்கள் பணம். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், மூன்றாண்டுக்குள் போட வேண்டும். ரசீது, படங்கள், ‘லெதர்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப், உரிந்த துண்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கிறது. மேலே கவர் போடலாமா? (ஜெலுத்தோங்)

பதில்: அந்தப் பை சாய்மானத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அந்த இடம் திறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே பிரிந்து கொடுக்கும் தையல் இருக்க வேண்டும். "பரவாயில்லை அண்ணே" என்று சொல்லும் கடையில் காரை விடாதீர்கள்.

கேள்வி: பிள்ளைகள் மைலோ கொட்டுகிறார்கள். எது நல்லது? (பட்டர்வொர்த்)

பதில்: பிவிசி. சிறு துளை போட்ட ரகம் மட்டும் வேண்டாம், மைலோ பஞ்சுக்குள் இறங்கிப் புளித்த வாடை அடிக்கும்.