விற்ற பிறகு விரிசல் விடும் கண்ணாடி மணி

கடலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வீட்டு மாடியில் கேஸ் சுடர் டார்ச் வைத்துக் கண்ணாடியை உருக்கி மணி செய்கிறேன். அவற்றைத் தோடாகவும் மாலையாகவும் கோத்து விற்று இரண்டு வருடம் ஆகிறது. இத்தாலிக் கண்ணாடித் தண்டுகளோடு உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத் தண்டுகளையும் கலந்து செய்வேன். செய்ததும் வெர்மிகுலைட் என்னும் சூடு தாங்கும் கனிமத் துகளில் புதைத்து ஆறவிடுவேன். கையில் இருக்கும்போது நன்றாக இருக்கும் மணிகளில் சில, விற்று இரண்டு மூன்று வாரம் கழித்து விரிசல் விடுகின்றன. ஒரு மணியை 40 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கடை 40 சதவீதம் கமிஷன் கேட்கிறது. கட்டுப்படியாகுமா? கிலோ கணக்கில் வரும் வடநாட்டு மணிகளோடு நான் எப்படிப் போட்டி போடுவது?"

கமிஷனைப் பிறகு பார்ப்போம் அம்மா. முதலில் விரிசலை நிறுத்துங்கள். அதுவரை அந்தக் கடைக்கு ஒரு மணிகூடக் கொடுக்க வேண்டாம். என் பட்டறையின் முதல் வருடத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மாலை செய்து கொடுத்தேன். நடுமணி பெண்ணின் கழுத்திலேயே பிளந்துவிட்டது. அவளுடைய அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையைக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டிலிருந்து பிறகு யாரும் வரவில்லை.

வெர்மிகுலைட்டில் புதைப்பது ஆறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மணியின் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே இருப்பது பின்னால் சுருங்கும்போது கண்ணாடிக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த இழுவிசைதான் பல நாள் கழித்து, ஏ.சி. அறையிலிருந்து வெயிலுக்கு வரும்போதோ மேஜையில் லேசாகத் தட்டும்போதோ வெடிக்கிறது. அதைப் போக்க ஒரே வழி அனீலிங், அதாவது சூளையில் மறுபடி சூடாக்கி மெதுவாக ஆற்றுவது. இத்தாலித் தண்டு போன்ற மென்கண்ணாடிக்கு ஏறக்குறைய 510 டிகிரி செல்சியஸ். ஆறிய மணிகளைக் குளிர்ந்த சூளையில் வைத்து மெதுவாக அந்தச் சூட்டுக்கு ஏற்றுங்கள். சிறு மணி என்றால் ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஒரு மணி நேரத்துக்கு 50, 60 டிகிரி வீதம் 370 வரை இறக்கி, சூளையை அணைத்து, மூடியைத் திறக்காமல் மறுநாள் காலை எடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் திறக்கக் கூடாது. வந்ததும் முதலிலிருந்து ஓட்டுங்கள், மணிக்கு ஒன்றும் ஆகாது.

இதற்குப் பெரிய சூளை தேவையில்லை. பல் செட் செய்யும் லேபுகளிலும் வெள்ளி வார்ப்பவர்களிடமும் மெழுகை எரித்தெடுக்க ஒரு சிறு மின்சூளை இருக்கும். அதைப் பழையதாக வாங்கலாம். சூட்டையும் நேரத்தையும் படிப்படியாகப் பதிந்து வைக்கும் கன்ட்ரோலர் மட்டும் கட்டாயம் வேண்டும். வாங்கும்வரை, வாரம் ஒரு நாள் யாருடைய சூளையையாவது வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். ஒரு வாரத்து மணிகளை ஒரே சுற்றில் போட்டுவிடலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தக் கலப்புத்தான். ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிந்து சுருங்கும் அளவு வேறு. இத்தாலித் தண்டுகளின் விரிவெண் 104. ஃபிரோசாபாத் தண்டு பெரும்பாலும் வளையலுக்காக உருக்கிய கண்ணாடி, அதன் எண்ணை யாரும் எழுதித் தருவதில்லை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எந்தச் சூளையாலும் அந்த மணியைக் காப்பாற்ற முடியாது. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு தண்டுகளின் நுனியையும் பக்கம் பக்கமாக உருக்கி ஒட்டி, இடுக்கியால் பிடித்து நூல்போல இழுங்கள். இரண்டு நிறமும் நூல் நெடுக அக்கம்பக்கமாக ஓடவேண்டும், முறுக்கிவிடக் கூடாது. ஆறிய நூல் நேராக நின்றால் சேர்க்கலாம். வில்லாக வளைந்தால் அந்த ஜோடியை ஒரே மணியில் சேர்க்காதீர்கள். வளைவின் உட்பக்கம் இருப்பதுதான் அதிகம் சுருங்கும் கண்ணாடி. புதுக் கட்டு தண்டு வரும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள்.

ஒளி ஊடுருவும் மணிகளுக்கு இன்னொரு சோதனை. லேப்டாப்பில் வெள்ளைத் திரை வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸை அதன் முன் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்போது திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் மணியைப் பிடியுங்கள். இழுவிசை இல்லாத மணி இருட்டிலேயே கிடக்கும். உள்ளே இறுக்கம் இருந்தால் துளையைச் சுற்றியோ மணிமேல் வைத்த நிறப்புள்ளியின் ஓரத்திலோ வெளிச்சம் தெரியும்.

மணியின் முனைகளையும் கவனியுங்கள். துளையின் விளிம்பு கத்திபோல நின்றால், மணி நன்றாக இருந்தாலும் மாலை அறுந்துவிடும். நீங்கள் புதுச்சேரி போகும் வழியில் இருக்கும் அரிக்கமேட்டில் கண்ணாடிக் குழாயை இழுத்து அறுத்து மணி செய்தார்கள். அதே வகைத் தொழில் நடந்த ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில், அறுத்த துண்டுகளைச் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்குவார்கள், கூரான முனை மழுங்குவதற்காக. நீங்கள் இரண்டு முனையும் உள்ளே குழிந்து வருமாறு டார்ச்சிலேயே சுற்றி முடியுங்கள். தப்பியதை வைர அரத்தால், தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். மணியைச் சுற்றும் கம்பியில் பூசி, துளைக்குள் ஒட்டிக்கொண்ட களிப்பூச்சையும் தண்ணீருக்கடியில் சுரண்டுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகக் கூடாது. மாலைக்கு நூலைவிட கியர் வயர் (நைலான் உறையிட்ட மெல்லிய எஃகுக் கம்பி) நல்லது. தோட்டுக் கொக்கியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். நிக்கல் ஒத்துக்கொள்ளாத காது புண்ணாகிவிடும். 925 வெள்ளி போடுங்கள்.

இனி விலை. புள்ளி வைத்த ஒரு மணிக்கு டார்ச்சில் 15 நிமிடம், கழுவித் தேய்க்க 5 நிமிடம் என்று வைப்போம். உங்கள் உழைப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் போட்டால், கூலியே 40 ரூபாய். இப்போது நீங்கள் விற்கும் விலையும் அதேதான். கண்ணாடி, கேஸ், ஆக்சிஜன், சூளைக் கரண்ட் எல்லாம் 15 ரூபாய் என்றால் 55. பத்தில் இரண்டு தேறாது என்றால், 550 ரூபாயை எட்டு மணிகள் சுமக்க வேண்டும், ஒன்று 69 ஆகிறது. தேய்மானம், பேக்கிங், விற்காமல் தங்குவது, லாபம் என்று 30 சதவீதம் சேர்த்தால் 90. இது உங்கள் கைக்கு வரவேண்டிய தொகை. 40 சதவீதம் கடைக்குப் போக உங்களுக்கு 90 நிற்க வேண்டுமானால் மேலே 150 என்று எழுத வேண்டும். கமிஷன் அதிகமில்லை, உங்கள் 40 ரூபாய்தான் மிகக் குறைவு. நீங்கள் நேரடியாக விற்கும்போதும் 150தான். வீட்டில் 90க்குக் கிடைக்கும் என்று தெரிந்தால் அந்தக் கடை உங்கள் மணியை எடுக்காது. என் எண்களை அப்படியே வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் கடிகாரம் வைத்து உங்கள் எண்களை எழுதுங்கள். கேஸ் கணக்கில் 19 கிலோ வணிக சிலிண்டரைப் போடுங்கள். சமையல் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கடலூருக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர், ஆனால் ஜி.எஸ்.டி.யில் அது வேறு பிரதேசம். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்ற வரம்பு, எல்லை தாண்டும் விற்பனைக்கு அப்படியே பொருந்தாது. கைவினைப் பொருளுக்கு நிபந்தனைகளோடு சலுகை உண்டு. உங்கள் நகைக்கு அது பொருந்துமா என்று கணக்கரிடம் கேட்டுவிட்டுச் சரக்கை அனுப்புங்கள்.

கிலோ மணிகளோடு போட்டி வேண்டாம். உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகரில் ஊரே மணி செய்கிறது. அந்த விலைக்கு மாடியில் ஒரே டார்ச் வைத்திருப்பவர் இறங்கினால் உடம்புதான் போகும். அந்த மணிகளை வாங்கி இடைமணியாகக் கோத்துக்கொள்ளுங்கள், வாங்கியது என்று சொல்லியே விற்கலாம். நடுமணியும் அதற்கு இணையான தோடும் உங்கள் கையால் வரட்டும். ஒரு புடவைத் துண்டைக் கொண்டுவந்து இந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்பவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இந்த வாரமே தகவல் அனுப்புங்கள்: விரிசல் விட்டால் மாற்றித் தருகிறேன், உடைந்ததைத் திருப்பி அனுப்புங்கள் என்று. வந்ததைக் குப்பையில் போடாமல், செய்த தேதியும் தண்டும் எழுதி ஒரு டப்பாவில் சேருங்கள். விரிசல், நிறப்புள்ளியின் ஓரத்தைச் சுற்றி ஓடினால் பெரும்பாலும் கலப்பின் கோளாறு. மணியைக் குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தால் ஆற்றியதில் கோளாறு. பத்து மணி சேர்ந்ததும் உங்களுக்கே எது என்று தெரிந்துவிடும்.