கீழே விழுந்தால் தூக்க முடியுமா? ட்ரெயில் பைக் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

நம்பர் பிளேட்டோடு சாலையிலும் ஓட வேண்டும், ட்ரெயில் எனப்படும் காட்டுப் பாதையிலும் ஏற வேண்டும், விலையும் கைக்கு அடங்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வண்டியில் தேடுபவர்களின் கேள்விகள் நிறைய வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வார இறுதியில் ட்ரெயில், மற்ற நாட்களில் சாலை. 250 சிசி போதுமா? 400, 650 என்று போனால்தான் நல்லது என்கிறார்கள்.

போதும். ட்ரெயில்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் 200 முதல் 300 சிசிக்குள் தேடுங்கள். சிசியைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்கள். யமஹா எக்ஸ்டி250 பெட்ரோலோடு சுமார் 132 கிலோ. ஹோண்டா சிஆர்எஃப்300எல் சுமார் 142. சுசுகி டிஆர்650 சுமார் 166. படிக்கும்போது முப்பது கிலோ வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வண்டி சரிவில், சக்கரங்கள் மேட்டுப் பக்கமும் ஹேண்டில்பார் பள்ளத்துப் பக்கமுமாகப் படுத்துக் கிடக்கும்போது தெரியும். முதல் தடவை தூக்கிவிடுவீர்கள். நான்காவது தடவை கை நடுங்கும். களைத்த கை கிளட்சைச் சரியாக விடாது, அதனாலேயே ஐந்தாவது தடவையும் விழுவீர்கள். புதிதாக ஓட்டுபவர்கள் ஒரே நாளில் ஐந்து தடவை விழுவதெல்லாம் சாதாரணம். (அப்படிக் கிடக்கும் வண்டியை அப்படியே தூக்காதீர்கள். முதலில் தரையோடு இழுத்துத் திருப்பி, சக்கரங்களைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்துவிட்டுத் தூக்குங்கள். பாதி வேலை குறையும்.)

250இல் குறை இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் கத்தத் தொடங்கும். ஏற்றத்தில், எதிர்க்காற்றில் ஒரு லாரியை முந்த யோசிப்பீர்கள். ட்ரெயில் தொடங்கும் இடம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் நெடுஞ்சாலை, கடைசியில் அகலமான மண் சாலை என்பதுதான் உங்கள் பயணம் என்றால் 650 நியாயமான தேர்வு. டிஆர்650, 1996 முதல் பெரிய மாற்றமில்லாமல் வந்த வண்டி. கார்புரேட்டர், ரேடியேட்டர் இல்லாத ஒற்றை சிலிண்டர் எஞ்சின், எளிதாகக் கைவைக்கக்கூடிய அமைப்பு. ஆனால் குறுகிய, கல் நிறைந்த பாதையில் முதல் வண்டியாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். 2000இல் வந்த டிஆர்-இசட்400எஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். சாலையையும் தாங்கும், ட்ரெயிலுக்கும் தயார். அதன் சீட் உயரம் சுமார் 93 சென்டிமீட்டர், அதை மட்டும் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் உயரம் குறைவு. ஷோரூமில் சிஆர்எஃப்300எல்லில் உட்கார்ந்தால் நுனிக்கால்தான் எட்டுகிறது. வேண்டாம் என்று விட்டுவிடவா?

இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும் என்பது சாலை வண்டிக்கான எதிர்பார்ப்பு. ட்ரெயிலில் இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி, ஒரு காலின் முன்பாதம் உறுதியாகப் பதிந்தால் போதும். அந்த வண்டியின் சீட் உயரம் 88 சென்டிமீட்டர். அது யாரும் உட்காராதபோது உள்ள அளவு. நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டி ஆள் உட்கார்ந்ததும் நன்றாக இறங்கும். சஸ்பென்ஷனின் மொத்த நகர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உங்கள் எடையில் இறங்கியிருப்பதுதான் சரியான அமைப்பும்கூட. ஷோரூம் வண்டியில் பின் ஸ்பிரிங் இறுக்கமாக வைக்கப்பட்டிருந்தால், அதைத் தளர்த்திய பிறகு மறுபடி உட்கார்ந்து பாருங்கள்.

அப்படியும் எட்டவில்லையா? சீட்டின் ஃபோமைச் செதுக்கலாம். செலவு குறைவு, வண்டியின் குணமும் மாறாது. பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்பான லோயரிங் லிங்க் போடுவதைக் கடைசியாக வையுங்கள். வண்டி தாழும், கூடவே தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியான கிரவுண்ட் கிளியரன்ஸும் போகும். பின்பக்கத்தைத் தாழ்த்திய அளவுக்கு முன் ஃபோர்க்கையும் கிளாம்பில் மேலே ஏற்றாவிட்டால் ஹேண்டில் கனத்துப்போகும். சைடு ஸ்டாண்டையும் வெட்டிச் சிறிதாக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நேராக நின்று மறுபக்கம் சாயும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் பிறவியிலேயே தாழ்ந்த வண்டிகள் இருக்கின்றன. எக்ஸ்டி250 சுமார் 81 சென்டிமீட்டர். 1987 முதல் வரும் யமஹா டிடபிள்யூ200 சுமார் 79 சென்டிமீட்டர்தான். டிடபிள்யூவின் தடித்த டயர்களைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். மணலிலும் சேற்றிலும் அது நிதானமாக நகர்ந்து போவதைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள். வேகம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கால் எட்டாத பயத்தோடு ஓட்டுபவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. தாழ்ந்த வண்டியில் ஒரு வருடம் ஓட்டிவிட்டு உயரமான வண்டிக்குப் போனவர்கள் வேகமாகத் தேறியதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பந்தயத்துக்கான டர்ட் பைக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஹெட்லைட், ஹாரன், கண்ணாடி பொருத்திச் சாலையில் ஓட்டிக்கொள்ளலாமா?

பணம் கொடுக்கும் முன் உங்கள் பகுதியின் வாகனப் பதிவு அலுவலகத்தில் சேஸிஸ் நம்பரைக் காட்டிக் கேளுங்கள். விளக்கு பொருத்துவது எளிது. புகை, சத்தம் இரண்டுக்குமான சான்று அந்த மாடலுக்குத் தொழிற்சாலையிலேயே கிடைத்திருக்க வேண்டும், அதை நாம் பொருத்த முடியாது. பல இடங்களில் இதற்கு வழியே இல்லை. பதிவு இல்லையென்றால் காப்பீடும் இல்லை.

சட்டத்தைத் தாண்டினாலும் இது நல்ல யோசனை இல்லை. அந்த வண்டிகளின் கியர் விகிதம் சாலை வேகத்துக்கு ஏற்றதில்லை. எண்ணெய் கொள்ளளவு குறைவு. ஹெட்லைட்டைத் தாங்கும் மின்சாரம் பலவற்றில் உற்பத்தியே ஆகாது. பின் சக்கர ஹப்பில் அதிர்ச்சி வாங்கும் ரப்பர் இல்லாததால் சாலை ஓட்டத்தின் அடி முழுவதும் கியர்பாக்ஸுக்குப் போகும். பதிவோடு பிறந்த வண்டியாகவே வாங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் நம்பர் பிளேட்டோடு வரும் கேடிஎம் 350 இஎக்ஸ்சி-எஃப் பழையது வாங்கலாமா? எடை மிகக் குறைவாமே.

ஓட்ட அருமையான வண்டி, சந்தேகமில்லை. ஆனால் அதன் பராமரிப்பு அட்டவணை எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் எழுதப்பட்டது. எண்ணெயைச் சில பயணங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பிஸ்டனும் தேய்ந்து மாற்ற வேண்டிய உதிரிபாகம்தான். 2008 முதல் 2020 வரை வந்த யமஹா டபிள்யூஆர்250ஆர்-ஐப் பாருங்கள். வால்வ் சோதனையே ஏறத்தாழ 42,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான். மலிவாக ஓட்ட வேண்டும் என்பவருக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும். ஸ்பானர் பிடிப்பது உங்களுக்கே சந்தோஷமான வேலை என்றால் மட்டும் கேடிஎம்.

கேள்வி: பழைய வண்டி பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பளபளவென்று கழுவித் துடைத்த ஒரு வண்டியை நான் ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறக்காமலே வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபில்டருக்கு உள்பக்கம், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில், மெல்லிய மணல். சில மாதங்களில் கம்ப்ரஷன் போய் சிலிண்டரைப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஃபில்டரின் வெளிப்பக்கம் அழுக்காக இருக்கலாம், அது அதன் வேலை. உள்பக்கம் மண் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும்.

போனதும் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். ஆறும் வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் காகிதம் பாருங்கள். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண்ணெய் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

அப்புறம் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக இடம் வலமாகத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல ஒரு தடங்கல் தெரிந்தால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. பின் சக்கரத்தையும் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் ஆடக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் கோணலா பாருங்கள். ஸ்போக்குகளை ஸ்பானரால் தட்டிக்கொண்டே வாருங்கள், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, சுறாப்பல் போலப் பற்கள் வளைந்த ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஃப்ரேமின் அடிக்குழாயில் நசுங்கல் இவற்றையும் பாருங்கள். கசிவும் ஸ்பிராக்கெட்டும் பேரம் பேசும் விஷயம். ஃப்ரேம் வளைந்திருந்தால் பேரமே வேண்டாம்.

பிளாஸ்டிக்கில் கீறல், வளைந்த லீவர் இவற்றுக்காக நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள். நீங்களும் அதே கீறலைப் போடப் போகிறீர்கள். ஒரு வருடம் சும்மா நின்ற கார்புரேட்டர் வண்டி சரியாக ஐடில் ஆகாவிட்டால் பெரும்பாலும் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும், ஆனால் விற்பவரிடம் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

கேள்வி: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி வண்டிகள் ட்ரெயிலுக்குத் தாங்குமா, தோற்றம் மட்டும்தானா?

தோற்றம் மட்டும் இல்லை. முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குல ஸ்போக் சக்கரங்கள் இருக்கின்றன. உண்மையான ட்ரெயில் வண்டியை அடையாளம் காண நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பெரிய முன் சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் ஏறிப் போகும். அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மில்லிமீட்டர், முன் சஸ்பென்ஷன் நகர்வு 190. சிஆர்எஃப்300எல்லில் கிளியரன்ஸ் 285, நகர்வு 260. அந்த இடைவெளி தெரியும் இடம், பெரிய கற்படிகளும் வேகமாகக் கடக்கும் குழிகளும். நிதானமாக ஓட்டுபவருக்கு எக்ஸ்பல்ஸ் நிறையச் செய்யும். முன்னால் 17 அங்குல அலாய் சக்கரமும் உயரமான கண்ணாடித் தடுப்பும் உள்ள வண்டிகளைத்தான் தோற்றம் என்பேன்.

கேள்வி: வண்டி வாங்கிய பின் கொஞ்சம் பணம் மிஞ்சும். சைலன்சர் மாற்றவா?

வேண்டாம். மிஞ்சும் பணத்தைக் காலில் போடுங்கள். கணுக்காலையும் கீழ்க்கால் எலும்பையும் மூடும் ட்ரெயில் பூட்ஸ், முழங்கால் காப்பு, நல்ல ஹெல்மெட். வண்டி கவிழும்போது காலின் மேல்தான் விழுகிறது. சாதாரண ஷூவோடு வருபவர்களை நான் கூட அழைத்துப் போவதே இல்லை.

அடுத்தது டயர். கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் சாலைக்குச் சாய்ந்த டயர்தான். சாலை அனுமதி முத்திரை உள்ள, கட்டை கட்டையாகப் பற்கள் கொண்ட டயர் போட்டால் வேறு வண்டிபோல இருக்கும். டியூப் உள்ள டயரில் ட்ரெயிலுக்கு 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை காற்றைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும், டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்க்கும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இருந்தால்தான் இன்னும் குறைக்கும் பேச்சு. திரும்பிச் சாலைக்கு வரும்போது காற்று ஏற்ற ஒரு பம்பு பையில் இருக்கட்டும். ஹேண்ட் கார்டும் எஞ்சினுக்குக் கீழே பேஷ் பிளேட்டும் போட்டுவிட்டால் வண்டிக்கான செலவு முடிந்தது.

சைலன்சரைப் பற்றி ஒரு வார்த்தை. பாதைகள் மூடப்படுவதற்கு அதிகம் வரும் காரணங்களில் சத்தம் ஒன்று. ஒருவர் போட்ட சத்தத்துக்கு எல்லோரும் பாதையை இழக்கிறோம். கம்பெனி சைலன்சரை அப்படியே விடுங்கள், தயவுசெய்து.

கேள்வி: செங்குத்தான ஏற்றத்தில் முதல் கியரிலேயே மெதுவாகப் போனால் எஞ்சின் நின்றுவிடுகிறது. பெரிய எஞ்சின் வாங்கியிருக்க வேண்டுமோ?

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள். 14இலிருந்து 13 ஆக்கினால் கியரிங் சுமார் ஏழு சதவீதம் தாழும், பின்னால் மூன்று பல் கூட்டுவதற்கு ஏறக்குறைய சமம், செலவு அதைவிட மிகக் குறைவு. நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் சற்று அதிகமாகச் சுற்றும். வேகமானி கியர்பாக்ஸிலிருந்து அளக்கும் வண்டியாக இருந்தால் காட்டும் வேகமும் மாறும், முன் சக்கரத்திலிருந்து அளந்தால் மாறாது. மாற்றிய பின் செயின் தளர்வைச் சரிசெய்யுங்கள். சிறிய ஸ்பிராக்கெட்டில் செயின் ஸ்விங்ஆர்மின் மேலுள்ள ரப்பர் காப்பை அதிகமாக உரசும், ஒவ்வொரு முறை செயினுக்கு எண்ணெய் போடும்போதும் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.