இணையச் சமூகம் படிக்க விரும்பும் மகளுக்கு முதலில் ஒரு புத்தகம்

வணக்கம் அம்மா.

மகள் ஆறாம் படிவம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளி வகுப்பு) முடித்ததும் இணையமும் சமூகமும் பற்றிய படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறாள். "போனைப் பார்க்க ஒரு டிகிரியா? சுங்கை சிப்புட்டில் இதற்கு எங்கே வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் இந்தப் படிப்பில் போனைவிடத் தடித்த புத்தகங்களோடுதான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டும். அது அவளுக்கு ஒத்துவருமா என்பதைக் கட்டணம் கட்டுமுன் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய 'சோசியல் மீடியா இன் சவுத் இந்தியா'வில் தொடங்கட்டும். 2017இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பதிப்பகமான யு.சி.எல். பிரஸ் வெளியிட்டது, பதிப்பகத்தின் தளத்தில் பிடிஎஃப் இலவசம். சென்னைக்கு அருகே கிராமங்களும் ஐடி அலுவலகங்களும் ஒட்டிக் கிடக்கும் ஓரிடத்தில் 15 மாதம் தங்கிச் செய்த ஆய்வு. ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'பஞ்சகிராமி' என்று வைத்திருக்கிறார். குடும்பம், சாதி, பெண் பிள்ளை கையில் போன் கொடுக்கலாமா என்ற தகராறு எல்லாம் அதில் உண்டு. தமிழ் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்நியமாக இருக்காது.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டாம். அப்படித் தொடங்குபவர்கள் கோட்பாட்டுப் பக்கங்களில் சிக்கி, இரண்டாம் அத்தியாயத்தோடு மூடிவிடுகிறார்கள். முதலில் பொருளடக்கம், முன்னுரை, முடிவுரை. பிறகு பிடித்த அத்தியாயம், வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் மூன்று குறிப்பு: ஆசிரியர் என்ன சொல்கிறார், யாரிடம் எப்போது கேட்டுச் சொல்கிறார், நம் தோட்டப்புறத்தில் அது பொருந்துமா. ஏஐ தரும் சுருக்கத்தை வைத்து இந்தத் தாளை நிரப்பினால் பயனே இல்லை. ஆதாரத்தை எடைபோடும் பழக்கம்தான் இந்தப் படிப்பின் உயிர். சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது அதுதான்.

அடுத்து, பதின்வயதினரின் இணைய வாழ்க்கை பற்றி டானா பாய்ட் எழுதிய 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்' (2014). அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது. மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளக் காலத்துக் கதை என்று ஒதுக்கிவிடக்கூடாது. தளம் செத்தாலும், பெற்றோர் கண்ணுக்கு எட்டாத இடத்தைப் பிள்ளைகள் ஏன் தேடுகிறார்கள் என்ற கேள்வி சாகவில்லை. அதே சமயம், அது அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றியது. அப்படியே நம் பிள்ளைகள்மேல் தூக்கி வைக்கவும் கூடாது.

ஆறு வாரத்தில் நான்கு தாள் நிரம்பி, உங்களோடு வாதாடவும் ஆரம்பித்தால் துணிந்து அனுப்புங்கள். இரண்டு தாளுக்கே இழுபறி என்றால், வீடியோ, வடிவமைப்பு கற்றுத்தரும் மல்டிமீடியா படிப்பு அவளுக்குப் பொருந்தலாம். அது வேறு வழி. தாழ்ந்த வழி அல்ல.

வேலை விளம்பரங்களில் 'இணையச் சமூகம்' என்ற பெயர் வராது. சந்தை ஆய்வு, பயனர் ஆய்வு, செய்தித் துறை, மக்கள் தொடர்பு என்றுதான் வரும். ஆகவே பல்கலைக்கழகப் பாடப் பட்டியலில் ஆய்வு முறையும் புள்ளியியலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் பேட்டி எடுக்கத் தெரிந்த ஆய்வாளர் மலேசியாவில் எங்கும் தேவைப்படுவார்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழி விண்ணப்பிக்க மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வும் வேண்டும். அதில் கேட்கும் பேண்ட் (தேர்ச்சி நிலை) படிப்புக்குப் படிப்பு மாறும். முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு மாலை, புத்தகக் குறிப்பு எழுதிய அந்தத் தாளைத் தமிழில் உங்களுக்கு விளக்கட்டும். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.