“அவர் தங்கமானவர்தான், ஆனால் எனக்குக் குணமாகவில்லையே!”

அன்புள்ள மேடம்,

கோபிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 32. தினமும் ஸ்கூட்டியில்தான் போய்வருகிறேன். ஒன்றரை வருடமாக ஒரு தொல்லை. வண்டி ஏதாவது பள்ளத்திலோ வேகத்தடையிலோ ஏறி இறங்கினால் போதும், யாரையோ இடித்துவிட்டேனோ என்று நெஞ்சு பதறுகிறது. திரும்பிப் போய்ப் பார்ப்பேன். ரோடு காலியாக இருக்கும். சரி என்று கிளம்பினால், கொஞ்ச தூரத்தில் “வாய்க்காலுக்குள் விழுந்திருந்தால்?” என்று தோன்றும். மறுபடியும் வண்டியைத் திருப்புவேன். பெல் அடித்த பிறகு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த நாட்கள் நிறைய. வீட்டுக்கு வந்ததும் டயரில் ரத்தக் கறை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தியைத் தேடுவேன். “நான் யாரையும் இடிக்கலைதானுங்களே?” என்று கணவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் கூட வந்ததே இல்லை. ஆனாலும் “இல்லம்மா” என்று சொல்ல வேண்டும் எனக்கு.

ஈரோட்டில் ஒரு கவுன்சலரிடம் ஏழெட்டு மாதமாகப் போகிறேன். தங்கமான மனுஷி. ஒரு தடவைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். என் சின்ன வயசு, அப்பா அம்மா சண்டை எல்லாம் பேசியாகிவிட்டது. “உங்க மனசுக்கு நீங்க எறும்பைக்கூட மிதிக்க மாட்டீங்க” என்பார். அழுதுவிட்டு வந்தால் இரண்டு நாள் நிம்மதி. அப்புறம் பழையபடிதான்.

மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்குப் போகலாம் என்கிறார் அம்மா. கூட வேலை பார்க்கும் டீச்சர், ஹிப்னாடிசம் செய்யும் ஒருவருடைய நம்பரைக் கொடுத்திருக்கிறார். மூன்றே சிட்டிங்கில் சரியாகிவிடுமாம். கணவர் வேறு தெரபிஸ்ட் பார்க்கலாம் என்கிறார். இந்தக் கவுன்சலரை விட்டுப் போவது நன்றி கெட்டதனமாகப் படுகிறது. அப்படியே போனாலும், அடுத்தவர் எனக்குச் சரியானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பள்ளியில் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு.

— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நோய் இன்னதென்று நான் முடிவுகட்டக் கூடாது. அதை நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை எங்கள் துறையில் யார் படித்தாலும் முதலில் ஓசிடி என்றுதான் யோசிப்பார்கள். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய் அது. ஓசிடி என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வண்டியில் யாரையோ இடித்துவிட்டோம் என்ற பயமும், திரும்பித் திரும்பிப் போய்ப் பார்ப்பதும் அதே நோயின் இன்னொரு முகம்தான். உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை.

இப்போது உங்கள் கவுன்சலர் விஷயத்துக்கு வருகிறேன். துணையை இழந்தவர்கள், மணமுறிவில் நிற்பவர்கள் இப்படி ஒருவரிடம் போனால் பெரிய ஆறுதல் கிடைக்கும். அங்கே காது கொடுத்துக் கேட்பதே பாதி சிகிச்சை. உங்கள் பிரச்சினை அந்த ரகம் இல்லை. நீங்கள் வண்டியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது? பயம் சட்டென்று இறங்குகிறது. “பார்த்ததால்தான் நிம்மதி” என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் அழுத்தமாகப் பார்க்கச் சொல்கிறது. டயரைப் பார்ப்பதும், கணவரைக் கேட்பதும், கவுன்சலர் “எறும்பைக்கூட மிதிக்க மாட்டீங்க” என்று சொல்லக் கேட்பதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. வட்டிக்கு வாங்கிக் கடனை அடைக்கிற கதை. இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் மனசறிந்து செய்யும் தவறல்ல. ஓசிடிக்கான பயிற்சி இல்லாத நல்ல மனிதர்கள் இயல்பாகச் செய்வது இதுதான்.

அதனால் “நல்ல தெரபிஸ்ட் யார்?” என்று பொதுவாகத் தேடாதீர்கள். “இந்தப் பிரச்சினைக்கு இவர் என்ன செய்வார்?” என்று தேடுங்கள். ஓசிடிக்கென்று ஒரு முறை இருக்கிறது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் தொடங்கியது. பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பார்கள். வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பைச் செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள். ஈஆர்பி என்று சுருக்கமாகச் சொல்வோம். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிபிடி எனப்படும் சிகிச்சையின் ஒரு கிளை. உங்கள் விஷயத்தில், பழகிய ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிவிட்டு, திரும்பாமல் பள்ளிக்கே போய்விடுவது முதல் படியாக இருக்கலாம். பயம் ஏறும், கை நடுங்கும். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் அது தானாக இறங்கும். அப்படியே ஒருவேளை இறங்க நேரமானாலும், அந்தப் பதற்றத்தோடு வகுப்பெடுக்க முடிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். கேட்கச் சுலபம், செய்யக் கஷ்டம். கூட நின்று படிப்படியாக ஏற்றிவிட அதற்குத்தான் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

போகும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மனநல மருத்துவர். எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் படித்தவர். ஓசிடிதானா என்று உறுதி செய்வார்; மாத்திரை தேவையா என்றும் சொல்வார். ஓசிடிக்குத் தரும் மாத்திரைகள் போதை மாத்திரைகள் அல்ல. ஆனால் முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் “ஒன்றும் கேட்கவில்லை” என்று நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து தெரபிஸ்ட். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இருந்தால் மயங்க வேண்டாம்; அது எம்பிபிஎஸ்ஸாகவும் இருக்கலாம், பிஎச்டியாகவும் இருக்கலாம், காசு கொடுத்து வாங்கிய கௌரவப் பட்டமாகவும் இருக்கலாம். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்சிஐ நம்பர் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். கழகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கவுன்சலர் என்று போர்டு மாட்டுவதற்கு நடைமுறையில் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. ஆறு வார டிப்ளமோ முடித்தவரும் அதே போர்டைத்தான் மாட்டுகிறார். சில கவுன்சலர்கள் முறையாகப் பயிற்சி எடுத்து மிக நன்றாகச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டம் வாசல் வரைக்கும்தான். உள்ளே நடப்பதை அறிய நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போனில் கேளுங்கள்: “ஓசிடிக்கு எந்த முறையில் சிகிச்சை தருவீங்க? இதுக்கு முன்னாடி ஓசிடி உள்ளவங்களைப் பார்த்திருக்கீங்களா?” பயங்களை வரிசைப்படுத்தி, சின்னதில் தொடங்கி, வீட்டிலும் பயிற்சி செய்யச் சொல்வோம் என்பதுபோல் பதில் வந்தால் நம்பிப் போகலாம். “எல்லாத்துக்கும் காரணம் ஆழ்மனசு”, “பாசிட்டிவா நினைக்கப் பழக்குவோம்” என்று மழுப்பினால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். மூன்று சிட்டிங்கில் சரியாகும் என்று உத்தரவாதம் தருபவருக்கு அந்த நன்றிகூட வேண்டாம். ஓசிடிக்கு ஹிப்னாடிசம் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஓசிடியின் தீவிரத்தைக் கணக்கிட 10 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். ஆரம்பத்தில் 26 இருந்தது பத்து வாரத்தில் 15 ஆனால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அசையவே இல்லையென்றால் அவரே முறையை மாற்றுவார், அல்லது வேறு ஒருவரிடம் அனுப்புவார். ஈஆர்பி பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வுகள் வரை போகும். ஏழெட்டு மாதம் எந்தக் கணக்கும் இல்லாமல் போகக் கூடாது.

முறை சரியாக இருந்தாலும் ஆள் ஒத்துவர வேண்டும். பயத்தைக் கொங்குத் தமிழிலேயே கொட்ட முடிகிற ஒருவராகப் பாருங்கள். பாதி இங்கிலீஷில் யோசித்துப் பேச வேண்டியிருந்தால் பாதி விஷயம் வெளியே வராது. இரண்டு மூன்று தடவை போன பிறகும் அவர் முன்னால் உண்மையை மறைக்கத் தோன்றினால், அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். உங்கள் ஊர்ப் பக்கம் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ அழைப்பிலும் ஈஆர்பி செய்யலாம். உங்கள் பயம் இருப்பது ரோட்டில்தானே, கிளினிக்கில் இல்லையே.

செலவுக்குத் தயங்கினால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. உங்களுக்குப் பெருந்துறை பக்கம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே அழையுங்கள்.

பள்ளிக்குத் தெரியுமா என்ற பயம் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்மேல் சுமத்துகிறது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் உண்டு. தலைமையாசிரியர் போன் போட்டுக் கேட்பது அதில் சேராது.

குணசீலத்துக்கு அம்மாவோடு தாராளமாகப் போய் வாருங்கள், சிகிச்சையை நிறுத்தாமல். ஒரே ஓர் எச்சரிக்கை. இடித்ததாக நினைக்கும் ஆளுக்காகப் பரிகாரம் செய்யத் தொடங்கினால் அதுவும் டயரைப் பார்ப்பது மாதிரிதான் ஆகிவிடும்.

இப்போதைய கவுன்சலரிடம் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். “உங்ககிட்ட பேசினது எனக்கு ஆறுதலா இருந்துச்சு. இது ஓசிடியா இருக்கலாம்னு சொல்றாங்க. ஈஆர்பி தெரிஞ்சவங்க யாரையாவது சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவரே ஒரு பெயர் சொல்லவும் கூடும்.

கணவரிடம் கேட்பதை நாளையிலிருந்தே ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இரண்டு பேருக்கும் சண்டைதான் வரும். புது தெரபிஸ்ட்டிடம் இரண்டாவது, மூன்றாவது தடவை போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கேட்கும்போது அவர் என்ன பதில் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளலாம்.